பழைய லோரியின் பின்னச்சுக்கு ஏற்ற எண்ணெய்

உலு திராமிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையோரத்தில் காலை வேளையில் சிறிது நேரம் நின்றாலே போதும். செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் ஆலையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். புதிய வண்டிகள் அவற்றுள் பல உண்டு. எனினும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தும் ஓய்வு பெறாத ஹினோ, இசுசு, நிசான் லோரிகளையும் தோட்டத்து உட்பாதைகளில் இன்றும் பார்க்கலாம்.

இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் இயந்திரத்தைக் கண்ணும் கருத்துமாய்க் கவனிக்கின்றனர். 'மிஞ்ஞா ஹீத்தாம்' என்று நாம் அழைக்கும் இயந்திர எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுகின்றனர். ஆனால் வண்டியின் அடியில், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, சேறு படிந்து தொங்கும் உருண்டைப் பெட்டியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. டிஃபரென்ஷியல் என்னும் அப்பெட்டி ஒரு நாள் உடைந்த பிறகுதான் பலருக்கு அதன் நினைவு வருகிறது.

அன்று நேரும் இழப்பு பெரிது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்கப்படுவது நல்லது. தாமதம் ஆக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறையும். பாதை நடுவே லோரி நின்றுவிட்டால் ஏற்றிய குலையின் மதிப்பு குறையும்; நடைக்கூலி பெறும் ஓட்டுநருக்கு அன்றைய வருமானம் போகும்; பழுது பார்க்கும் செலவு வேறு. உடையும் பொருளோ இலேசானதன்று. கிரவுன் சக்கரமும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்று உடைந்தால் இரண்டையுமே மாற்ற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரப் பட்டறை ஒன்றில் யான் கண்ட நிகழ்ச்சி இங்கே கூறத்தக்கது. பழைய லோரி ஒன்றின் பின்னச்சைக் கழற்றி வைத்திருந்தார்கள். பினியனின் பற்கள் கத்தியால் சீவியதைப் போல் மழுங்கி, இரண்டு பற்கள் அடியோடு பெயர்ந்திருந்தன. உரிமையாளர் நடுத்தர வயதினர். சொந்தமாக ஒரே ஒரு லோரி வைத்து ஒப்பந்த வேலை செய்பவர். "எண்ணெய் குறையவே விட்டதில்லை, தம்பி. புத்தகத்தில் என்ன போட்டிருந்ததோ அதையேதான் ஊற்றினேன்" என்று மனம் நொந்து சொன்னார். பட்டறைக்காரர் எண்ணெய் டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புத்தகம் சரிதான் அண்ணே. ஆனால் இந்த அச்சு அந்தப் புத்தகத்தில் உள்ள அச்சு இல்லையே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பழைய அச்சு பழுதாகி, வண்டிகளை வெட்டி விற்கும் 'கெடாய் போத்தோங்' ஒன்றிலிருந்து வேறு லோரியின் அச்சு வாங்கிப் பொருத்தப்பட்டிருந்தது. வண்டியின் பெயரும் பதிவு எண்ணும் மாறவில்லை. உள்ளே சுழலும் பற்சக்கரங்களின் வகை மாறிவிட்டது. எண்ணெய் மட்டும் பழையதாகவே தொடர்ந்தது. பழைய லோரிக்கு எண்ணெய் தேடுவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி இதுவே: எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது லோரிக்கு அன்று; அதன் அடியில் இப்போது இருக்கும் அச்சுக்கு.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் நெடுந்தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் டயர் தேய்ந்து அச்சு முறுகும். இவ்விரு வேகங்களுக்கும் இடம் கொடுப்பதே டிஃபரென்ஷியலின் பணி. பிரெஞ்சு நாட்டவரான ஒனெசிஃபோர் பெக்கூர் 1828-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று அது நீராவி வண்டிக்காகச் செய்யப்பட்டது.

எண்ணெய்க்குப் பெருஞ்சோதனை வைப்பது, வேகத்தைப் பகிர்ந்தளிக்கும் அந்தச் சிறு சக்கரங்கள் அல்ல. கியர்ப்பெட்டியிலிருந்து நீண்டு வரும் தண்டின் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பினியனும் கிரவுன் சக்கரமும்தான். பழைய அமைப்பில் பினியனின் அச்சுக்கோடு கிரவுன் சக்கரத்தின் நடுவை நேராக நோக்கியிருக்கும். அங்கே பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். 1920களின் நடுவில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ஹைப்பாய்டு என்னும் அமைப்பைத் தன் கார்களில் புகுத்தியது. இதில் பினியன் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும். பினியனைப் பெரிதாகவும் வலுவாகவும் செய்ய முடிகிறது, ஓசையும் குறைகிறது. பிற்காலத்து லோரிகளில் இவ்வகை பரவியதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று நீளவாட்டில் சறுக்கவும் செய்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரம் பாதையில் உருள்வதற்கும், பால்வெட்டும் கத்தியைச் சாணைக்கல்லில் அழுத்தி இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பல டன் பாரத்தின் அழுத்தத்தில் அப்படிச் சறுக்கும்போது எண்ணெய்ப் படலம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பிதுங்கி ஓடிவிடும். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசும். அவ்விடத்தில் எழும் சூட்டில் பற்கள் கணப்பொழுதில் ஒட்டிப் பெயரும்.

இதைத் தடுப்பதற்கே ஹைப்பாய்டு எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் அடங்கிய மருந்துச் சரக்குகள் கலக்கப்படுகின்றன. உரசும் இடத்தின் சூட்டில் இவை எஃகின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லியதொரு பூச்சை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அப்பூச்சு தேயும். தேய்ந்த இடத்தில் மீண்டும் உருவாகும். கியர் எண்ணெய் டின்னைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதே. இயந்திர எண்ணெயில் இத்தகைய பாதுகாப்பு போதிய அளவில் இல்லை. டிஃபரென்ஷியலில் இயந்திர எண்ணெயை ஊற்றிச் சிக்கனம் செய்வோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

டின்னின் மேல் உள்ள இரண்டு குறிகள்

கடையில் கியர் எண்ணெய் கேட்கும்போது நம்மவர் பெரும்பாலும் '90' அல்லது '140' என்று எண்ணை மட்டும் சொல்லிக் கேட்கின்றனர். அது பாதிக் கேள்விதான். டின்னின் மேல் இரண்டு குறிகள் இருக்கும். எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண் எண்ணெயின் தடிப்பை, அதாவது பாகுத்தன்மையைச் சொல்வது. ஏ.பி.ஐ. ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்பன போன்ற குறி அது எத்துணை அழுத்தத்தையும் சறுக்கலையும் தாங்கும் என்பதைச் சொல்வது. தடிப்பு வேறு, தாங்கும் திறன் வேறு. மிகத் தடித்த எண்ணெய் ஒன்று தாங்கும் திறனில் தாழ்ந்திருக்கலாம். அதனினும் மெல்லிய எண்ணெய் உயர்ந்திருக்கலாம்.

எண்ணைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைய வேண்டும். இயந்திர எண்ணெய் 40, கியர் எண்ணெய் 90. எனவே பின்னது இருமடங்குக்கு மேல் தடிப்பு என்று கருதுவோர் பலர். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 பாகை செல்சியஸ் சூட்டில் 40 எண் இயந்திர எண்ணெயின் அளவு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 90 எண் கியர் எண்ணெயின் அளவு 13.5 முதல் 18.5 வரை. ஏறக்குறைய ஒன்றுதான். 140 எண் எண்ணெயோ 24 முதல் 32.5 வரை, அதுவே மெய்யாகத் தடித்தது. 2005-இல் அளவுகோல் திருத்தப்பட்டபோது இவற்றுக்கு இடையில் 110 என்ற எண்ணும் சேர்ந்தது.

85டபிள்யூ-140 என்று எழுதியிருந்தால் முன்பாதியைக் கண்டு குழம்ப வேண்டா. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. 85டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 12 பாகையிலும், 80டபிள்யூ 26 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. அத்தகைய குளிர் கேமரன் மலையிலும் இல்லை. ஜொகூரில் ஓடும் லோரிக்குப் பின்பாதி எண்ணே கணக்கு.

இனித் தாங்கும் திறன். ஹைப்பாய்டு அச்சுக்கு ஜி.எல்.-5 வேண்டும். ஜி.எல்.-4 மிதமான உழைப்புக்கு உரியது. கியர்ப்பெட்டிகள் பலவற்றுக்கு அதுவே பொருத்தம். "அப்படியானால் உயர்ந்ததையே எல்லாவற்றிலும் ஊற்றிவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் இடறல். கியர் மாற்றும்போது வேகங்களை இணைக்கும் வளையங்கள் பல கியர்ப்பெட்டிகளில் பித்தளையால் ஆனவை. ஜி.எல்.-5-இல் கூடுதலாக உள்ள கந்தகச் சரக்கு பித்தளையையும் வெண்கலத்தையும் நாளடைவில் கெடுக்கக்கூடும். உரசல் தன்மை மாறுவதால் கியர் விழுவதும் கடினமாகும். ஆகவே கியர்ப்பெட்டிக்கு அதன் நூல் ஜி.எல்.-4 என்று சொன்னால் அதையே ஊற்றவேண்டும்.

தோட்டங்களில் இத்தவறு நேர்வதற்கு முக்கியக் காரணம் ஸ்டோரில் 'கியர் எண்ணெய்' என்ற பெயரில் ஒரே பீப்பாய் இருப்பதுதான். கியர்ப்பெட்டிக்கும் அதுவே, பின்னச்சுக்கும் அதுவே. ஸ்டோர் கிராணிமார் மனம் வைத்தால் இதைச் சீர்செய்யலாம். இரண்டு பீப்பாய்கள் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் பூசி, அதே வண்ணத்தில் வண்டியின் கியர்ப்பெட்டி மேலும் அச்சின் மேலும் ஒரு புள்ளி வைத்துவிட்டால், எழுத்தறியாத உதவியாளும் தவறு செய்யமாட்டார். பம்பும் தனித்தனியாக இருத்தல் வேண்டும்.

பழைய நூலைப் படிக்கும் முறை

பழைய லோரிகளின் கையேடுகளில் ஜி.எல். குறியே இராது. 'ஹைப்பாய்டு 90' என்றோ, 'இ.பி. 90' என்றோ, அமெரிக்க இராணுவத்தின் 'மில்-எல்-2105' என்ற எண்ணோ அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரருக்கும் இது விளங்காமற்போகலாம். மில்-எல்-2105 என்று கடைசியில் எழுத்து ஏதுமின்றி இருந்தால் அது இன்றைய ஜி.எல்.-4-க்கு நிகரானது. அதே எண்ணின் இறுதியில் பி, சி, டி என்ற எழுத்துகளுள் ஒன்று இருந்தால் ஜி.எல்.-5. 'ஹைப்பாய்டு' என்ற சொல் இருந்தால் ஜி.எல்.-5 வாங்கலாம். வெறும் 'இ.பி.' என்றிருந்தால் ஐயத்துக்குரியது. அச்சைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நூலே இல்லையென்றாலும், அச்சு மாற்றப்பட்டதோ என்ற ஐயம் இருந்தாலும், சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, பக்கவாட்டிலிருந்து நோக்குக. நீண்ட தண்டு வந்து சேரும் இடம் அச்சுக் குழாயின் நடுக்கோட்டுக்குத் தெளிவாகக் கீழேயோ மேலேயோ இருந்தால் பெரும்பாலும் ஹைப்பாய்டு. நேர் நடுவில் இருந்தால் பழைய வகையாக இருக்கலாம். பெட்டியின் உச்சியிலோ அடிமட்டத்திலோ போய்ச் சேர்ந்தால் அது புழுச்சக்கர வகையாக இருக்கக்கூடும். புழுச்சக்கரத்தில் வெண்கலச் சக்கரம் இருப்பதால் ஜி.எல்.-5 ஆகாது. ஒரு காலத்தில் நம் சாலைகளில் ஓடிய பியூஜோ 404 காரை நினைவில் வைத்திருப்போர் அதன் பின்னச்சு இவ்வகையே என்பதை அறிவர். லோரிகளில் இன்று இது அரிது. கண்ணால் பார்த்து உறுதிப்படவில்லையெனில், அச்சின் மேல் திருகப்பட்ட தகட்டு எண்ணைத் துடைத்துக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில் விசாரிப்பதே நேர்வழி.

90-ஆ, 140-ஆ?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. முழுப் பாரத்துடன் தோட்டத்து மேடு பள்ளங்களில் ஊர்ந்து செல்லும் லோரிக்கு, சூட்டிலும் படலம் கலையாத 85டபிள்யூ-140 நன்மை தரும். தயாரிப்பாளரின் பட்டியல் வெப்ப நாடுகளுக்கு அதை அனுமதித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே லோரி நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடுமாயின் நிலைமை வேறு. 2011-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட செனாய்–டேசாரு நெடுஞ்சாலையில் விரைவாகச் செல்லும் வண்டியில் தடித்த எண்ணெய் கடையப்பட்டுத் தானே சூட்டை உண்டாக்கும். எரிபொருளும் சற்றுக் கூடுதலாகும். அதற்கு 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 போதும்.

ஓசை எழுப்பும் அச்சை அடக்குவதற்காக 140-க்கு மாறுவதை மட்டும் யான் ஏற்பதில்லை. பாரம் இழுக்கும்போது ஒரு முனகல், காலை எடுத்தால் வேறொரு முனகல், புறப்படும்போது 'டக்' என்ற ஓசை — இவையெல்லாம் தாங்கு உருளையோ பற்களோ தேய்ந்ததன் அறிகுறிகள். தடித்த எண்ணெய் ஓசையை மறைக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. பழைய வண்டி விற்போர் சிலர் மரத்தூளைக் கலந்து ஓசையை அடக்கிய கதையை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். கிரீஸ் கலப்பதும் அதற்குத் தம்பி முறைதான்.

நீர் என்னும் பகைவன்

இத்துணையும் பார்த்து வாங்கிய எண்ணெயை ஒரே நாளில் பாழாக்க வல்லது நீர். வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் ஜொகூரில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து இருமுறை வெள்ளத்தில் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பெருவெள்ளம் வர வேண்டும் என்பதும் இல்லை. தோட்டத்து ஓடையொன்றைக் கடந்தாலே போதும்.

அச்சுப் பெட்டியின் மேற்புறத்தில் விரல்நுனி அளவில் ஒரு மூச்சுக்குழல் உண்டு. ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று இதன் வழியே வெளியேறும். செம்மண் சேறு இதை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. அது எண்ணெய்த் தடுப்பு வளையங்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். எண்ணெயும் உடன் கசியும். சக்கரத்தின் பக்கம் கசிந்தால் அது பிரேக் கட்டைகளின் மேல் படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனைக்குப் போகும் முன் துணியால் துடைத்துவிட்டுச் செல்வோர், பாரத்தோடு இறக்கத்தில் வரும் லோரியில் பிரேக் பிடிக்காமற்போனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்பாராக. அந்த லோரிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தும் போகக்கூடும்.

இன்னொரு தீங்கும் உண்டு. சூடான அச்சு ஓடைநீரில் இறங்கியதும் திடீரெனக் குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழல் அடைபட்டிருந்தால் வளையங்களின் இடுக்கு வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். குழலே நீரில் மூழ்கியிருந்தால் அதன் வழியாகவும் நீர் புகும். ஆகையால் குழலை மாதம் ஒருமுறை துடைத்து, அதன் மூடி தாராளமாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி நீரைக் கடக்கும் வண்டிக்கு ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி அதன் முனையை வண்டிச் சட்டத்தின் உயரத்துக்குக் கொண்டுசென்று கட்டிவிடுவது எளிய காப்பு.

நீர் புகுந்ததை அறிவது கடினமன்று. பால் கலந்த காப்பியைப் போல எண்ணெய் வெளுத்திருந்தால் ஐயமே இல்லை. நிறம் மாறாதிருந்தாலும், வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்துக் காலையில் வடிகால் திருகை மெல்லத் தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் சொட்டும். திறந்த வெளியில் சூடேற்றிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு துளி எண்ணெயை விட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு கேட்டால், நீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். நீர் புகுந்தது உறுதியானால் தவணை வரும்வரை காத்திருத்தல் ஆகாது, அன்றே மாற்றவேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஓடி வந்த சூடு ஆறுமுன் மாற்றினால் அழுக்கு எண்ணெயோடு சேர்ந்து வடியும். முதலில் திறக்கவேண்டியது எண்ணெய் ஊற்றும் மேல் திருகு. பிறகே கீழ்த் திருகு. கீழே வடித்துவிட்டு, மேல் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைக் கண்டு விழித்தவர்கள் உண்டு. கீழ்த் திருகில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். செதில்களோ ஊசி போன்ற துண்டுகளோ இருந்தால் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சமதரையில் நிற்கும் வண்டியில் மேல் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நின்றால் போதும். சற்று நேரம் பொறுத்து மறுபடியும் பார்த்து நிரப்பவேண்டும், ஏனெனில் தடித்த எண்ணெய் மெல்லவே பரவும். "கூட இருந்தால் நல்லதுதானே" என்று மிகுதியாக ஊற்றினால் அது நுரைத்துச் சூடாகி, முற்கூறியவாறு வளையங்களைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்கு வரும். இரு வேறு வகை எண்ணெய்களைக் கலப்பதும் தவிர்க்கத்தக்கது. பழையது எதுவெனத் தெரியாதபோது முழுதும் வடித்துவிடுவதே மேல். புதிதாகப் பற்கள் மாற்றிய அச்சில் முதல் எண்ணெயை வழக்கமான தவணைக்கு வெகு முன்பாகவே மாற்றிவிட வேண்டும். புதுப் பற்கள் பழகும்போது உதிரும் இரும்புத்தூள் அதில் மிதக்கும்.

அச்சு மாற்றப்பட்ட லோரியாக இருந்தால், எந்த வண்டியின் அச்சு, எந்த ஆண்டில் பொருத்தியது, எந்த எண்ணெய் என்ற மூன்றையும் வர்ணத்தால் அச்சின் மேலேயோ கதவின் உட்புறத்திலோ எழுதிவைப்பது நல்லது. வண்டி கைமாறும்போது வாய்ச்சொல் கைமாறுவதில்லை.

வடித்த எண்ணெயைச் செம்பனை நிரைகளுக்கிடையிலோ கால்வாயிலோ கொட்டுவது சட்டப்படி குற்றம். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட கழிவாகும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாட நேர்ந்ததும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் உலு திராமுக்கு அண்மையில்தான். வடித்த எண்ணெயை மூடியுள்ள தனிப் பீப்பாயில் சேர்த்து, குறியீட்டையும் தேதியையும் ஒட்டி, மழை படாத சிமெண்டுத் தரையில் வைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரே லோரி வைத்திருப்போர், எண்ணெய் மாற்றும் பட்டறை அப்படி ஒரு பீப்பாய் வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை உள்ளே விடலாம்.